சீட்டு எழுதும் மெர்ல் டாகெட்

சீட்டை எழுதிக் கிழித்ததும் மெர்ல் டாகெட் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். நாலு எட்டு நடந்து கவுண்டருக்கு மறுபக்கம் போகிறார். நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, "ம், குடும்மா" என்று கை நீட்டுகிறார். எதிரே நிற்கும் பெண், ஒரு நிமிடத்துக்கு முன் அவர் கொடுத்த சீட்டை அவரிடமே நீட்டுகிறாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார்.

"யாரு எழுதினது இது?"

"நீங்கதான் டாகெட் சார்."

"அது இருக்கட்டும். இது ஒண்ணா, ஏழா? எழுத்து புரியலையே."

"அதையும் நீங்கதான் சொல்லணும்."

மெர்ல் திரும்பிப் போய்க் கோட்டை மாட்டிக்கொள்கிறார். சீட்டைப் பார்த்து, "ஒண்ணுதான்" என்கிறார். கோட்டைக் கழற்றுகிறார், மறுபடி நாலு எட்டு நடந்து வருகிறார், அலமாரியிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆர்டிஸ் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், இப்போதெல்லாம் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

பிட்டர் வெல்ஸ் ஊரில் மருந்துக்கடை என்றால் டாகெட் கடைதான். அதே கூரையின் கீழ் மீன் பிடிக்கப் புழு, மாட்டுக்குப் பூச்சி மருந்து, பிறந்தநாள் வாழ்த்து அட்டை, வேட்டைக்காரர்களுக்கு ஆரஞ்சுத் தொப்பி எல்லாம் கிடைக்கும். டாக்டர்தான் கிடைக்க மாட்டார். அவர் கணவாய்க்கு அந்தப் பக்கம், கால்ஹூன் நகரத்தில் இருக்கிறார். கிழக்கு ஆரிகனில் நவம்பர் பிறந்துவிட்டால் கணவாய் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் பனியின் இஷ்டம். திறந்திருக்கிற நாளில் டாக்டருக்கு நேரமிருக்காது. டாக்டருக்கு நேரமிருக்கிற நாளில் ஊரில் யாருக்கும் நோய் இருக்காது.

மெர்லுக்கு அறுபது வயதுக்கு மேல். அகலமான ஆள், நடந்தால் அலமாரிச் சீசாக்கள் லேசாகக் கிலுங்கும். வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே பெரிய சந்தோஷம் டாக்டர்கள் எழுதிய சீட்டில் தப்புக் கண்டுபிடிப்பது. முப்பது வருஷமாக அதைத்தான் செய்துவந்தார். ஒரு தப்பு அகப்பட்டால் போதும், மனிதருக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கும். ஃபோனை எடுத்து, கடையில் இருப்பவர்கள் எல்லாம் கேட்கிற மாதிரி, "டாக்டர், இது உங்க கையெழுத்தா, இல்ல மையில கால் வச்ச கோழி சீட்டுல நடந்துச்சா?" என்பார். மறுமுனையில் கால்ஹூன் டாக்டர் பென்ரோஸ் பல்லைக் கடிப்பது ஊருக்கே கேட்கும்.

டாக்டர்கள் மேல் அவருக்கு இன்னொரு புகாரும் உண்டு. "ரெண்டு நிமிஷ வேலைக்கு ரெண்டு மணி நேரம் உக்கார வைப்பான். மூணு வருஷத்துக்கு முந்தின பத்திரிகையக் கையில குடுத்து. உள்ள போனா நம்ம மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டான்." கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். பண்ணைக்காரர்கள் அவரை விளையாட்டாக "டாக்டரே" என்றுதான் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. மருந்துக்கடைக்காரர்கள் தகுந்த பயிற்சி எடுத்துக்கொண்டால், கருத்தடை மாத்திரைக்குத் தாங்களே சீட்டு எழுதலாம். சில கேள்விகள் கேட்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சரியாக இருந்தால் கொடுக்க வேண்டும். பனியில் வண்டி ஓட்டிப் போய், டாக்டர் வாசலில் தவம் கிடந்து, ஒரு மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்கிற பெண்களுக்காகப் போட்ட சட்டம். சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். அது மெர்லின் கைக்கு வந்ததுதான் வேடிக்கை.

போர்ட்லாண்டுக்குப் போய்ப் பயிற்சி முடித்துத் திரும்பியவருக்குத் தலைகால் புரியவில்லை. முழங்காலுக்குக் கீழே இறங்குகிற வெள்ளைக் கோட்டு ஒன்று தபாலில் வந்தது. கடை முன்பக்கத்தில் மூன்று நாற்காலிகள் முளைத்தன. அவற்றின் பக்கத்தில் ஒரு சிறு மேஜை. மேஜைமேல் புதிய பத்திரிகை வைத்தால் டாக்டர் வீட்டுக் களை வராது என்று நினைத்தாரோ என்னவோ, தன் வீட்டுக் கார் கொட்டகையிலிருந்து அட்டை கிழிந்த பழைய மீன்பிடிப் பத்திரிகைகளாகப் பார்த்துக் கொண்டுவந்து அடுக்கினார். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவளான ஆர்டிஸுக்கு மட்டும்தான் அவரிடம் வாய் உண்டு.

ஒருநாள் கடையில் ஈ காக்கை இல்லை. பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருத்தி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ ஒருவன் பிடித்த மீனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். மெர்ல் உள்ளே போய் வெகுநேரம் ஆகிவிட்டது. என்னதான் செய்கிறார் என்று ஆர்டிஸ் எட்டிப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மெர்ல் பண்றே?"

"பேஷண்ட்டு காத்திருக்காங்க."

"தெரியுது. அதான் நீ என்ன பண்றே?"

"காக்க வைக்கிறேன். உடனே கூப்பிட்டா மதிப்பிருக்காது ஆர்டிஸ்."

"நீ டாக்டர் இல்லப்பா."

"சீட்டு எழுதுறேன்ல?"

அதற்குமேல் பேசிப் பயனில்லை என்று ஆர்டிஸ் கல்லாவுக்கு வந்துவிட்டாள்.

அவர் சீட்டு எழுதுகிற அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் ஊர்க்காரர்களின் புகைப்படச் சுருளைக் கழுவுவதற்கு வைத்திருந்த மூலை அது. கதவு எப்போதோ போய்விட்டது. மெர்ல் அதற்குக் குளியலறைத் திரை ஒன்றை வாங்கித் தொங்கவிட்டார். மஞ்சள் வாத்துகள் போட்ட திரை. திரைக்கு இந்தப் பக்கம் அவருடைய முக்காலியும் நோயாளி நாற்காலியும். அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், கணப்படுப்பும் நீளமான பெஞ்சும். அந்த பெஞ்சில் காலையிலிருந்து பண்ணைக்காரர்கள் உட்கார்ந்து கடைக்காரரின் இலவசக் காபியைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஆண்களுடைய கூச்சம் விநோதமானது. இலையுதிர் காலம் வந்தால் பசுக்களுக்குச் சினை பார்ப்பார்கள். முழங்கை தாண்டித் தோள்வரை கையை விட்டுப் பார்க்கிற வேலை. அதை ரொட்டியும் வெள்ளைக் குழம்பும் தின்றுகொண்டே, கையை நீட்டி மடக்கி, எந்தக் கிடேரிக்குப் பிடித்தது, எதற்குப் பிடிக்கவில்லை, எந்தக் காளை சோம்பேறி என்று கடை அதிரப் பேசுவார்கள். கூட மனைவிமார் இருந்தாலும் சரி, பாதிரியார் இருந்தாலும் சரி. ஆனால் மனுஷிக்கு ஒரு மாத்திரை என்று யாராவது சொல்லிவிட்டால் அத்தனை பேரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொள்வார்கள்.

அவர்கள் நல்ல மனிதர்கள்தான். நல்ல மனிதர்களாக இருந்ததுதான் வம்பாகப் போயிற்று. ஒரு பெண் வாத்துத் திரைக்குள் நுழைந்ததும், அவளுக்குச் சங்கடம் வேண்டாமே என்று மரியாதையாகப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கடையில் அப்படி ஒரு நிசப்தம் விழும். புழுக்கள் இருக்கிற குளிர்பெட்டி முனகுவதுகூடக் கேட்கும். அந்த நிசப்தத்தில் மெர்ல் தன் கேள்விகளைத் தொடங்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் குழந்தைகளுக்கு வேதப் பாடம் நடத்திப் பழகிய குரல். கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும்.

"புகை பிடிக்கிறதுண்டா? பொய் சொல்லக் கூடாது. காலில ரத்தம் கட்டினதுண்டா? கடைசியா மாசவிலக்கு எப்போ?"

அதற்கப்புறம் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார். எப்படி இருக்கும்? ஏறித்தான் இருக்கும். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற ஜின்னி மாதிரி, எதற்கும் அஞ்சாத ஓரிருவர் தப்பித்தார்கள். மற்ற எல்லோருக்கும் கருவியின் முள் அளவைத் தாண்டியது. விதிப்படி, தாண்டினால் சீட்டு இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும். மெர்ல் விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றினார். வந்தவர்களை எல்லாம் கால்ஹூனுக்கே திருப்பி அனுப்பினார்.

வேறு யாராக இருந்தாலும், நம் இடத்தில்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகித்திருப்பார்கள். மெர்லுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. டாக்டர் பென்ரோஸ் இத்தனை வருஷமாகக் கவனிக்காத ஒரு கொள்ளை நோயைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக முடிவு கட்டினார். பிட்டர் வெல்ஸ் பெண்களுக்கு ஒட்டுமொத்தமாக ரத்தக் கொதிப்பு! காரணம் என்ன? யோசித்தார். தேவாலயத்தில் மாதம் ஒருமுறை ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடி உண்கிற விருந்து நடக்கும். உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடை, உப்பு வெண்ணெய், உப்புப் பாலாடைக்கட்டி. உப்புதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த விருந்தில் எழுந்து நின்று, ஒரு டப்பா உப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் பேசினார். மாவட்ட வாரப் பத்திரிகைக்கும் எழுதிப் போட்டார். பெண்கள் பயந்துபோய் உப்பைக் குறைத்தார்கள். அதற்கடுத்த மாத விருந்தில் பரிமாறிய உருளைக்கிழங்கை வாயில் வைக்க முடியவில்லை. ஆண்கள் கோட்டுப் பையில் பொட்டலமாக உப்புக் கொண்டுவந்து மேஜைக்கடியில் தூவிக்கொண்டார்கள். பெண்களுக்கு வாத்துத் திரைக்குள் முள் மட்டும் இறங்கவே இல்லை.

டார்சி ஊல் இதற்குள் இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் திரும்பிப் போயிருந்தாள்.

ஊர்க்கோடியில், சரளைப் பாதை முடிகிற இடத்தில், ஊல் பண்ணை. வாசல் வளைவில் பெரிய இரும்பு எழுத்தில் 'ஊல் அண்ட் சன்ஸ்' என்று பலகை மாட்டியிருக்கும். டார்சிக்கு மூன்று குழந்தைகள், மூன்றும் பெண். மாமனார் ராய் ஊல் தங்கமான மனிதர், பேத்திகளைத் தோளைவிட்டு இறக்க மாட்டார். ஆனாலும் அந்த வளைவின் கீழே வண்டி நுழையும்போதெல்லாம், "பலகைக்கு ஒரு ஆள் வேணும்மா" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். புருஷன் வேட் அவள் பக்கம்தான். அப்பாவுக்கு முன்னால் மட்டும் அவனுக்கு வாய் திறக்காது.

டார்சிக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். கால்ஹூன் கல்லூரியில் நர்ஸ் படிப்புக்கு இரண்டாவது முறை விண்ணப்பம் போட்டு இடம் வாங்கியிருக்கிறாள். ஜனவரியில் வகுப்பு. பழைய மாத்திரை தீர்ந்துவிட்டது. நேரில் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேரில் பார்க்கவோ புது வருஷத்துக்கு அப்புறம்தான் நாள் தருகிறார்கள். டாகெட் கடை ஒன்றுதான் அவளுக்கு வழி.

அன்று மூன்றாவது தடவையாக வந்தாள். கடைக்குட்டி வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக நாயை விட்டுவிட்டு, கடை ஜன்னலை ஒட்டினாற்போல் வண்டியை நிறுத்தினாள். உள்ளே நுழைந்ததும் முதலில் புழுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற காசு கேட்காத பிரஷர் மெஷினில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டாள். நூற்றுப் பதினெட்டு. மூச்சு விட்டாள். அதன்பின் நிமிர்ந்து பார்த்தால், பெஞ்சில் காபிக் கோப்பையோடு மாமனார்.

"என்ன டார்சி, இங்க?"

"சைனஸ் மாமா. மூக்கடைப்பு."

"அட பாவமே. உள்ள போ, டாக்டர் பாப்பாரு."

டாக்டர் பார்த்தார். முதலில் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அவளை அழைத்தார். அவள் திரைக்குள் போனதும் பெஞ்சில் பேச்சு நின்றது. ஒரு தொண்டை கனைத்தது. அது ராயின் தொண்டை என்று டார்சிக்குத் தெரியும்.

"சார், கொஞ்சம் மெதுவா" என்றாள் கிசுகிசுவென்று.

"எதுக்கும்மா? கூச்சப்படாத. நான் உனக்கு வேதப் பாடம் நடத்தினவன். கடைசியா மாசவிலக்கு எப்போ?"

டார்சி விரலை மடக்கிக் காட்டினாள். மெர்ல் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பட்டையைச் சுற்றினார். காற்றடித்தார். நூற்று ஐம்பத்து நாலு.

"வெளிய மெஷின் சரியாத்தான் சொல்லிச்சு சார். இப்பத்தான் பாத்தேன்."

"அந்த மெஷினா? வேட்டைக்கு வர்றவனுங்க அதுல நாய்க்கெல்லாம் பிரஷர் பாக்குறான். அதை நம்பி நான் சீட்டு எழுதினா என்னாவுறது? உப்பைக் கொறச்சியா இல்லியா?"

"குறைச்சேன்."

"பத்தாது. கால்ஹூன் போய் டாக்டரைப் பாரு. நான் எழுத முடியாதும்மா. சட்டம்."

டார்சி எழுந்தாள். அழவில்லை. திரையை விலக்கிக்கொண்டு, பெஞ்சுப் பக்கம் திரும்பாமல் வெளியே போய்விட்டாள்.

மெர்லுக்கு அன்று நல்ல மனநிலை. ஒரு தப்பைத் தடுத்துவிட்ட திருப்தி. ஒரு மருத்துவருக்கு இன்னொரு மருத்துவர் செய்கிற உதவியாக, டார்சிக்குத் தானே நாள் வாங்கிக் கொடுக்கலாம் என்று பென்ரோஸ் மருத்துவமனைக்கு ஃபோன் போட்டார்.

"டாகெட் பேசுறேன். ஒரு பேஷண்ட்டை அனுப்பி வைக்கிறேன்."

"எந்த டாக்டர்?" என்றது ஒரு இளம் பெண் குரல்.

"டாகெட்மா. பிட்டர் வெல்ஸ் டாகெட்."

"ஓ, மருந்துக்கடையா? லைன்ல இருங்க."

பிறகு சங்கீதம். மெர்ல் நின்றார். சங்கீதம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். வேறு வேலை இல்லாததால் ஜன்னல் வழியே பார்த்தார். டார்சியின் வண்டி போகவில்லை. அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் கிடந்தாள். தோள்கள் குலுங்கின. பக்கத்து இருக்கையில் இருந்த நாய் அவள் காதை நக்கிக்கொண்டிருந்தது.

"ஆர்டிஸ், அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு?"

"உனக்கு நிஜமாவே தெரியலியா?"

"பிரஷர் ஏறியிருக்கு. அதுக்கு அழுவாளா?"

ஆர்டிஸ் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். குரலைத் தாழ்த்தி, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி, "அந்த ஃபோனை வச்சிட்டு வெளிய போ. போய் அவளையே கேளு. கோட்டைக் கழட்டிட்டுப் போ" என்றாள்.

மெர்ல் போனார். நவம்பர்க் காற்று முகத்தில் அறைந்தது. வண்டிக் கண்ணாடியைத் தட்டினார். டார்சி பாதிதான் இறக்கினாள். மூக்கு சிவந்திருந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. போங்க சார்."

"சொல்லும்மா."

சொன்னாள். கொட்டித் தீர்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். "கதவில்லாத ரூம்ல உக்கார வச்சு, என் மாமனார் காதுல விழுற மாதிரி மாசவிலக்கு எப்போன்னு கேட்டீங்களே சார், பிரஷர் ஏறாம என்ன பண்ணும்? அங்க அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு ஒரு தடவையாச்சும் திரையத் தூக்கிப் பாத்தீங்களா? அவங்க மாட்டுக்குச் சினை பாக்குறப்போ மாடு பேசாம நிக்கும். நான் மாடு இல்ல. ஒரு மாசமா உப்பில்லாம தின்னுட்டு இருக்கேன், எம் புள்ளைங்க சாப்பாட்டத் துப்புது. ஜனவரியில எனக்குக் காலேஜ். இப்போ ஒண்ணு தங்கிடுச்சுன்னா அவ்வளவுதான், இந்த ஜென்மத்துல நான் அந்தக் கணவாயத் தாண்ட மாட்டேன். கால்ஹூன் டாக்டர் பாக்க மாட்டேங்குறார்னுதான உங்ககிட்ட வந்தேன்? நீங்களும் கால்ஹூன் டாக்டராவே ஆயிட்டீங்களே!"

கடைசி வாக்கியம் எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. முப்பது வருஷமாக அவர் யாரைக் கேலி செய்துவந்தாரோ, அந்த ஆள் தன் சட்டைக்குள்ளேயே நிற்பது மெர்லுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அவர் திருப்பி அனுப்பிய பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எல்லாரும் தலை குனிந்தே போனவர்கள். அதை அவர் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் உள்ளே போனார், பட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்தார். நாய் இடம் விடுவதாக இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மெர்ல் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"நீ எதுவும் பேச வேணாம். நானும் கேக்கல. எல்லாத்தையும்தான் கேட்டுட்டேனே. உனக்கு எப்பத் தோணுதோ அப்பக் கையக் குடு."

வண்டி ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் குழந்தை சின்னதாகக் குறட்டை விட்டது. காத்திருந்தது இந்தத் தடவை மெர்ல். நாய் அவர் கம்பளிச் சட்டையில் எச்சில் ஒழுக்கியது, துடைக்கவில்லை. டார்சி மூக்கைச் சிந்திக்கொண்டாள், வெளியே பார்த்தாள், நாயின் தோரணையைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பிறகு கையை நீட்டினாள். நூற்றிருபத்திரண்டு. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். நூற்றிருபது.

"சரியாத்தாம்மா இருக்கு" என்றார் மெர்ல். "தப்பு என் பக்கம்."

நாயின் முதுகில் சீட்டை வைத்து எழுதினார். "இங்கேயே இரு. உள்ள வராத" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவர் நுழைந்ததும் அத்தனை பேரும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மெர்ல் கவுண்டருக்குப் பின்னால் போய்ச் சீட்டை ஒருமுறை சரி பார்த்தார். மாத்திரை அட்டைகளை எடுத்தார். வெறும் பழுப்புக் காகிதப் பையில் போட்டு வாயை மடித்தார்.

நிமிர்ந்தால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ராய் ஊல் நிற்கிறார். கையில் காலிக் கோப்பை, முகத்தில் அடக்க மாட்டாத ஒரு நப்பாசை.

"என்ன டாக்டரே, வண்டியிலயே வைத்தியமா? எம் மருமகளுக்கு என்ன நோவு?" என்றார். பையைப் பார்த்தார். இன்னும் கிட்டே குனிந்தார். "சைனஸுன்னு சொன்னா. உள்ள வேற என்னமோ கேட்டுட்டு இருந்தீங்களே. ஏதாச்சும் நல்ல சேதியா?"

பெஞ்சில் காபிக் கோப்பைகள் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றன. தனக்குத் தெரிந்த ஒன்றை ஊருக்குச் சொல்லாமல் மெர்ல் டாகெட் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததாக அந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆர்டிஸ் கல்லாவிலிருந்து அவரையே பார்த்தாள்.

மெர்ல் பையை எடுத்து, ராயின் தோளுக்கு மேலாக, ஆர்டிஸிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

"நான் கேட்டது…" என்று ராய் ஆரம்பித்தார்.

மெர்ல் பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார். புத்தம் புதியது. பல்லால் உறையைக் கிழித்தார்.

"உன் மூஞ்சி சரியில்ல ராய். வாயைத் தெற."

"எனக்கென்ன? நான் நல்லாத்தான…"

திறந்த வாயில் மெர்ல் அதைச் செருகி நாக்குக்கு அடியில் தள்ளினார். "மூடு. பேசாத. பேசினா கணக்குத் தப்பும்."

ராய் மூடிக்கொண்டார். கண்கள் மட்டும் மெர்லின் முகத்துக்கும் ஜன்னலுக்குமாக அலைந்தன. வெளியே ஆர்டிஸ் பையை வண்டி ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தாள். டார்சி எதுவோ சொன்னாள். வண்டி பின்னால் நகர்ந்து, திரும்பி, பனிக் குழைச்சலில் சக்கரம் சறுக்கி, பெரிய சாலையை நோக்கிப் போயிற்று.

தெர்மாமீட்டர் பீப் என்றது. ராய் எதையோ கேட்க வாயைத் திறந்தார். வண்டி இன்னும் சாலையில் ஏறவில்லை. மெர்ல் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சுட்டுவிரலை ராயின் மோவாய்க்குக் கீழே வைத்து, மெதுவாக மேலே தள்ளி, அந்த வாயை மறுபடி மூடினார்.